கரி உடைந்தால் நஷ்டம் யாருக்கு?

தமிழ்நாட்டில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி உண்டு. கறுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டில் (அஜித் படத்து அத்திப்பட்டி அல்ல, இது மீஞ்சூருக்குப் பக்கத்தில் நிஜமாகவே இருக்கிற ஊர்) மலை மலையாகக் கரி குவிந்து கிடக்கிறது. வடசென்னை அனல் மின் நிலையத்துக்கான கரி அது. அதில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் பக்கத்திலிருந்து வருவது.

அந்தக் கரி வருகிற வழியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். திறந்தவெளிச் சுரங்கத்தில் வெடி வைத்துப் பெயர்க்கிறார்கள். ராட்சத ஷவல் அள்ளி டம்பரில் கொட்டுகிறது. டம்பர் கிரஷரில் கொட்டுகிறது. அங்கிருந்து ரயில் வேகன். பாரதீப் துறைமுகத்தில் வேகனையே தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். கன்வேயர் பெல்ட், அப்புறம் குவியல், மறுபடி பெல்ட், அங்கிருந்து கப்பலின் வயிற்றுக்குள் ஒரு பெரிய விழுதல். எண்ணூரில் கிராப் அள்ளி எடுத்து ஹாப்பரில் போட, திரும்பவும் பெல்ட், திரும்பவும் குவியல், கிரஷர், பங்கர், கடைசியாக மில். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு தடவைக்குக் குறையாமல் அந்தக் கரி உயரத்திலிருந்து விழுகிறது. ஒவ்வொரு தடவையும் உடைகிறது.

உடைந்தால் என்ன, எரிக்கத்தானே போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் கரி எப்படி உடைகிறது என்பதை அளக்கவே உலகத்தில் அரை டஜன் பரிசோதனைகள் உண்டு. அவற்றின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. உடைவதால் யாருடைய பணம் போகிறதோ, அவருக்காகத்தான் ஒவ்வொரு பரிசோதனையும் பிறந்திருக்கிறது. ஆகவே இது வேதியியல் மாணவர்களுக்கு மட்டுமான கதை இல்லை. காமர்ஸ்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் வேல்ஸுக்குப் போவோம். 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக் கப்பல்களும் ரயில்களும் நீராவியில் ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சின் அடுப்பில் கரியை மண்வாரியால் அள்ளிப் போட வேண்டும். கட்டியாக இருந்தால் கட்டிகளுக்கு நடுவே காற்று புகுந்து நன்றாக எரியும். பொடியாக இருந்தால் பாதி கம்பிச் சல்லடை வழியே கீழே சாம்பலோடு போய்விடும், மீதி எரியாமலே புகைபோக்கி வழியாகப் பறந்துவிடும். அதனால் கட்டிக் கரிக்கு நல்ல விலை, பொடிக்கு அடிமாட்டு விலை.

இந்த விலை வித்தியாசத்தை யார் தலையில் கட்டினார்கள்? சுரங்கத்துக்குள் குனிந்து வெட்டுகிறவன் தலையில்தான். தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் ‘பில்லி பேர்ப்ளே’ என்று ஒரு கருவி இருந்தது. தொழிலாளி அனுப்பிய வண்டிக் கரியைச் சல்லடை மேல் சரிய விடுவார்கள். கீழே விழுந்த பொடியின் எடையை அவன் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். கட்டிக்கு மட்டும்தான் கூலி. பொடியையும் அவன்தான் வெட்டினான், அதையும் முதலாளி விற்கத்தான் செய்தார், ஆனால் அதற்குக் கூலி இல்லை. இதற்குப் பெயர் ‘பேர்ப்ளே’! வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் போலிருக்கிறது.

பாறைக்குள் இருக்கும்போதே கரி முழுதாக இருப்பதில்லை. கோடிக்கணக்கான வருட அழுத்தத்தில் அதற்குள் மெல்லிய விரிசல்கள், கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று செங்குத்தாக, இரண்டு வரிசையாக ஓடுகின்றன. தட்டினால் அந்தக் கோடுகளில்தான் பிளக்கும். ஆக ஒரு வண்டியில் எவ்வளவு பொடி இருக்கும் என்பதில் வெட்டுகிறவன் கைப்பக்குவம் பாதி என்றால், கரியின் சுபாவம் மீதி. அந்த மீதிக்கும் சேர்த்து அவன் கூலியில்தான் வெட்டு விழுந்தது.

கரியின் சுபாவத்தைத் தனியாக அளக்கும் ஆய்வக முறைகள் 1930களில் அமெரிக்காவில் நிலைபெற்றன. கேட்டவர்கள் தொழிலாளிகள் அல்ல, வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும். சுரங்கத்தில் ஏற்றும்போது கட்டியாக இருந்த சரக்கு வீட்டு வாசலில் இறங்கும்போது பொடியாக இருந்தால் அது யார் தப்பு? சுரங்கக்காரர் ரயிலைக் காட்டினார், ரயில்காரர் சுரங்கத்தைக் காட்டினார். நடுவில் ஒரு எண் தேவைப்பட்டது.

அதற்கு வந்த முதல் வழி ரொம்ப எளிமையானது, கேட்டால் சிரிப்பு வரும். ஒரே அளவில் பொறுக்கிய சுமார் 23 கிலோ கரிக் கட்டிகளை ஒரு பெட்டியில் வைப்பது. பெட்டியின் அடிப்பலகையைத் திறந்து 6 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் விழ வைப்பது. கூட்டி அள்ளி இன்னொரு தடவை போடுவது. பிறகு வேறு வேறு துளை அளவுள்ள சல்லடைகளில் சலித்து, எவ்வளவு கட்டியாகத் தப்பித்தது என்று கணக்கிடுவது. இதுதான் விழுதல் சோதனை. அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். இதற்கு டி 440 என்று எண் கொடுத்திருக்கிறது. அடுத்த எண்ணான டி 441 உருட்டல் சோதனை. ஒரு கிலோ கரியைப் பீங்கான் ஜாடியில் போட்டு, நிமிடத்துக்கு 40 சுற்று வீதம் ஒரு மணி நேரம் உருட்டுவார்கள். ஜாடிக்கு உள்ளே மூன்று தடுப்புகள் உண்டு. அவை கரியைத் தூக்கித் தூக்கிப் போடும். முதலாவது விழுவதால் வரும் உடைவு, இரண்டாவது ஒன்றோடொன்று உரசித் தேய்வதால் வரும் உடைவு. பெல்ட்டிலும் குவியலிலும் நடப்பது இந்த இரண்டும்தான்.

இதில் ஒரு சுவாரசியம். முதல் தடவை விழும்போதுதான் உடைவு அதிகம். பலவீனமான விரிசல்களெல்லாம் அதிலேயே பிளந்துவிடுவதால், அடுத்தடுத்து விழும்போது சேதம் குறைந்துகொண்டே வரும். ஆகவே சுரங்க வாசலில் எடுத்த மாதிரியும் துறைமுகத்தில் எடுத்த மாதிரியும் ஒரே கரியாக இருந்தாலும் சோதனையில் ஒரே எண்ணைத் தராது. எங்கே எடுத்த மாதிரி என்று கேட்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்து போக வேண்டியதுதான்.

இப்படிக் கட்டிக் கரியைக் காப்பாற்ற ஒரு பக்கம் சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோதே, இன்னொரு பக்கம் ஆட்டம் தலைகீழாக மாறத் தொடங்கியிருந்தது. 1920 வாக்கில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஒனைடா தெரு மின் நிலையத்தில், கரியை முகப்பவுடர் போல நைசாக அரைத்துக் காற்றோடு கலந்து பாய்லருக்குள் ஊதி எரிக்கலாம் என்று காட்டினார்கள். அவ்வளவுதான், நேற்று வரை குப்பையாக இருந்த பொடி இன்று சரக்கு. உடைவது பழைய வாங்குகிறவருக்கு நஷ்டம்; புதிய வாங்குகிறவருக்கோ உடையாமல் அடம்பிடிப்பதுதான் நஷ்டம், ஏனென்றால் அரைக்கிற மின்சாரச் செலவு அவருடையது.

அவருக்காக வந்ததுதான் ஹார்ட்குரோவ் எண். பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் கம்பெனியில் இருந்த ரால்ப் ஹார்ட்குரோவ் 1932இல் இதை வெளியிட்டார். அரிசி நொய் அளவுக்கு ஏற்கனவே உடைத்த கரியில் 50 கிராம் எடுத்து ஒரு வட்டமான கிண்ணத்தில் போடுவார்கள். அதன் மேல் ஒரு அங்குல விட்டமுள்ள 8 எஃகுக் குண்டுகள். குண்டுகள் மேல் சுமார் 29 கிலோ அழுத்தம். சரியாக 60 சுற்று. பிறகு 75 மைக்ரான் சல்லடையில் சலித்து, கீழே விழுந்த தூளை நிறுத்து, அந்த கிராம் கணக்கை 6.93ஆல் பெருக்கி 13ஐக் கூட்ட வேண்டும். 6 கிராம் விழுந்தால் எண் ஏறக்குறைய 55. எண் கூடினால் கரி சுலபமாக அரைபடும். குறைந்தால் மில் திணறும். நம் ஊரில் இதற்கு ஐ.எஸ். 4433 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. இன்றைக்கு இந்தோனேசியாவிலிருந்து கரி வாங்கும் ஒப்பந்தத்திலும் இந்த எண்ணுக்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பார்கள்.

விழுந்தால் சுலபமாக உடைகிற கரி மில்லிலும் சுலபமாக அரைபடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. கட்டி உடைவது விரிசலில்; தூளாவது உள்ளே இருக்கும் பொருளின் கடினத்தில். இந்தியக் கரியில் 30, 40 சதவீதம் வரை சாம்பல், அதாவது கல்லும் மண்ணும், கலந்திருக்கிறது. கட்டி பட்டென்று பிளந்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் கல் துணுக்கு மில்லின் உருளைகளைத் தேய்த்துத் தின்றுவிடும். வேகனிலேயே பொடியாகி வந்ததே, மில்லுக்கு வேலை மிச்சம் என்று அத்திப்பட்டில் யாரும் கொண்டாட முடியாது.

மூன்றாவது தரப்பு சுரங்க இயந்திரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. எந்தக் கரிக்கு எந்த வெட்டும் இயந்திரம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. கரியைக் கனசதுரமாக அறுத்து அழுத்திப் பார்க்கலாம் என்றால் அறுக்கும்போதே உடைந்து தொலைகிறது. அறுபட்டுப் பிழைத்த துண்டு மட்டும் சோதனைக்கு வந்தால் விடை எப்போதும் பலமாகத்தான் வரும் (பாஸானவர்களிடம் மட்டும் பரீட்சை கஷ்டமா என்று கேட்பதைப் போல). இவான்ஸ், பாமராய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். சின்னச் சின்னத் துண்டுகளாக 100 கிராம் கரியை ஒரு உருளைக்குள் போட்டு, 1.8 கிலோ எடையை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 20 தடவை அதன் மேல் போட்டார்கள். உடையாமல் மிஞ்சியது எத்தனை கிராமோ அதுதான் அந்தக் கரியின் பல எண். உரலில் இடிக்கிற மாதிரிதான். கரியின் பலம், உடைவு பற்றி அவர்கள் சேர்ந்து எழுதிய புத்தகம் 1966இல் வந்தது.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்கேயும் ரயில்வேதான் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. அதனால் ‘ஸ்டீம் கோல்’ என்ற கட்டிக் கரிக்கு ஒரு விலை, ‘ஸ்லாக்’ என்ற பொடிக்கு அதைவிடக் குறைந்த விலை. 1973இல் சுரங்கங்கள் தேசியமயமாயின. அதை முன்னின்று நடத்திய மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் தமிழர். மே 1ஆம் தேதி தேசியமயம் ஆனது, அதே மாதம் 31ஆம் தேதி அவர் விமான விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பின் ரயில்வே டீசலுக்கும் மின்சாரத்துக்கும் போய்விட, கரியின் முக்கிய எஜமானர்களாக மின் நிலையங்கள் வந்தன. சுரங்கங்களும் ஆழத்திலிருந்து திறந்தவெளிக்கு மாறின. இன்று இந்தியக் கரியில் 90 சதவீதத்துக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து வருவது. அங்கே கை வைத்துக் கட்டி பொறுக்குகிற பேச்சே இல்லை. வெடி, ஷவல், கிரஷர் மட்டும்தான்.

விலைப் பட்டியலில் இதன் விளைவைப் பாருங்கள். கோல் இந்தியா கரியை 100 மில்லிமீட்டருக்குள் உடைத்துக் கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் வாங்குகிறது. இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் கட்டணம் இன்னும் கூட. வேல்ஸில் கரி உடைந்ததற்காகக் கூலியைப் பிடித்தார்கள். இங்கே கரியை உடைத்ததற்காகக் காசு கேட்கிறார்கள். ஒரே உடைவு, கணக்குப் புத்தகத்தில் ஒரு காலத்தில் பற்று, இன்னொரு காலத்தில் வரவு.

கட்டியும் வேண்டாம் பொடியும் வேண்டாம் என்கிற வாடிக்கையாளரும் உண்டு, அதுவும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலேயே. இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சுழலும் சூளையில் சுட்டு ஸ்பாஞ்ச் அயர்ன் செய்யும் தொழிலில், கரி ஏறக்குறைய 5 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பொடியாக இருந்தால் சூளையின் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். பெரிதாக இருந்தால் வேலை முடிவதற்குள் சூளையைத் தாண்டிவிடும். வாங்கிய கரியை அவர்கள் சலிக்கும்போது 5 மில்லிமீட்டருக்குக் கீழே விழுவதெல்லாம் கைநஷ்டம்.

நெய்வேலியையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி தண்ணீர். வெளியே எடுத்து வைத்தாலே போதும், காய்ந்து சுருங்கித் தானாகவே உதிர்ந்துவிடும், உயரத்திலிருந்து போட வேண்டிய அவசியமே இல்லை. அதனால் 1960களில் அதைக் காயவைத்து அச்சில் அழுத்திச் சுட்டு ‘லெக்கோ’ என்ற பெயரில் வீட்டு அடுப்புக்கு விற்றார்கள். பழைய தலைமுறையில் பலருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும்.

அத்திப்பட்டுக்குத் திரும்புவோம். வடசென்னை நிலையத்தின் முதல் மூன்று 210 மெகாவாட் யூனிட்டுகள் 1994க்கும் 1996க்கும் நடுவில் வந்தன. அப்போது எண்ணூரில் துறைமுகம் இல்லை. கரி சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, வேகனில் ஏறி, அத்திப்பட்டில் மறுபடி கவிழ வேண்டும். பாரதீப்பையும் எண்ணூரையும் கரிக்காகவே தயார் செய்யும் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கடன் கொடுத்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது (2014இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது). கப்பலிலிருந்து நேரே பெல்ட்டில் மின் நிலையம். இரண்டு மூன்று விழுதல்கள் இதனால் மிச்சம்.

கரி வந்து சேர்ந்ததும் அடுத்த சண்டை மாதிரி எடுப்பதில். 2012 ஜனவரி முதல் இந்தியக் கரிக்கு விலை அதன் மொத்த வெப்ப அளவை வைத்துத்தான். ஜி1 முதல் ஜி17 வரை, பெரும்பாலும் 300 கிலோ கலோரிக்கு ஒரு படி. ஒரு படி இறங்கினால் கோடிக் கணக்கில் வித்தியாசம். அந்த வெப்பத்தை அளப்பது 212 மைக்ரானுக்குக் கீழே அரைத்த தூளில் சுமார் ஒரு கிராமை எரித்து. 70,000 டன் கப்பலில் ஒரு கிராம் என்றால் 7,000 கோடியில் ஒரு பங்கு.

அந்த ஒரு கிராம் நியாயமாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது மறுபடியும் உடைவுதான். குவியலில் கொட்டும்போது பெரிய கட்டிகள் உருண்டு ஓரத்துக்கு ஓடிவிடும், பொடி நடுவில் தங்கிவிடும். கல் அதிகமுள்ள துண்டும் நல்ல கரியும் ஒரே மாதிரி உடைவதில்லை, ஆகவே கட்டிக்கும் பொடிக்கும் சாம்பல் அளவு வேறு வேறு. கைக்கு எட்டும் ஓரத்தில் மட்டும் அள்ளினால் விடை ஒரு பக்கம் சாயும். யாரும் ஏமாற்ற வேண்டும் என்று நினைக்காமலே சாயும்; நினைத்தால் கேட்கவே வேண்டாம். சுரங்கத்தில் ஒரு தரம், மின் நிலையத்தில் இன்னொரு தரம் என்ற புகார் பல வருடம் ஓடி, கடைசியில் தன்பாத்தில் இருக்கும் மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனத்தை மூன்றாம் ஆளாக மாதிரி எடுக்க வைத்தார்கள்.

இத்தனை சோதனையிலும் தொழிலாளி, ரயில்காரர், பாய்லர்காரர், சுரங்க இயந்திரக்காரர் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் வந்துவிட்டார்கள். வராதவர்கள் கரியை வாங்கவும் விற்கவும் செய்யாமல் பக்கத்தில் குடியிருப்பவர்கள். உடைவின் கடைசிக் கட்டம் தூசி. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய கரியின் தூசி வடசென்னையில் வீட்டுக்குள் படிந்துகொண்டே இருந்தது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2011 அக்டோபர் 1 முதல் அந்தத் துறைமுகத்தில் கரி கையாளுவது நின்றது. வடசென்னைக்கு நிம்மதி. ஆனால் கரி நிற்கவில்லை, வடக்கே எண்ணூருக்கு இடம் மாறியது. கொசஸ்தலை ஆற்றங்கரையில் ஏற்கனவே சாம்பலோடு போராடிக்கொண்டிருந்த ஊர்களுக்குப் பக்கத்தில்.

தூசிக்கும் ஒரு ஆய்வகச் சோதனை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு தரமாக வெளியானது. கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரமாக்கிச் சுழலும் டிரம்மில் போட்டு, கிளம்பும் தூசியை உறிஞ்சி எடை போடுவார்கள். எவ்வளவு ஈரத்தில் தூசி ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே அடங்குகிறது என்று கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு கரிக்கும் அந்த ஈரம் வேறு. விழுதல் சோதனைக்கும் இதற்கும் நடுவில் அறுபது வருடத்துக்கு மேல். இந்திய விலைப் பட்டியலில் வெப்பத்துக்கும் சைஸுக்கும் வரி உண்டு, தூசிக்கென்று வரி கிடையாது.

தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். ஆனால் அது சும்மா இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொடிக் கரி சேறாகிப் பெல்ட்டிலும் பங்கரிலும் அப்பிக்கொண்டு கரி இறங்காமல் நிற்பது மின் நிலையங்களுக்குப் பழக்கப்பட்ட தலைவலி. சித்திரை வெயிலிலோ அதே பொடிக் குவியல் உள்ளுக்குள் சூடேறிப் புகையும். அங்கே தெளிக்கிற ஒவ்வொரு குடம் தண்ணீரும் கடைசியில் பாய்லருக்குள் ஆவியாகித்தான் வெளியே போக வேண்டும். அதற்கும் கொஞ்சம் கரி எரியும்.